மின்னலில் மாட்டிக்கொண்டவர்

ஸ்டுடியோக்காரருக்குச் சோறு போடுவது பாஸ்போர்ட் போட்டோதான். "தலையை நேரா வைங்க, சிரிக்காதீங்க, அசையாதீங்க." நாள் முழுக்க இதே பாட்டு. ஆனால் அவரைக் கேட்டால் தான் ஒரு புயல் வேட்டைக்காரர் என்பார். இத்தனை வருஷ வேட்டையில் பிடித்து வந்ததென்னவோ ஜலதோஷம்தான். கடை வாசல் கண்ணாடிக்குப் பின்னால் பெரிய சட்டம் ஒன்று காலியாகவே தொங்கியது. "அதுல மின்னல் வரப்போகுது" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே வெட்கமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் வானம் கருத்ததும் மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே வெட்டவெளிக்குப் போனார். மேகம் எவ்வளவு பெரிசு என்று படத்தில் தெரிய வேண்டுமானால் கீழே ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் அவள்தான்.

"இடி விழுந்தா?" என்று கேட்டாள்.

"நான் இருக்கேன்ல," என்றார். அதைச் சொல்லும்போது நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டார், மகராசன்.

அவளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு வந்து கேமராவை முக்காலியில் பொருத்தினார். மின்னல் சொல்லிக்கொண்டு வராது. ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இருட்டில் எதன் மேல் பளிச்சென்று வெளிச்சம் படுகிறதோ, அது அப்படியே பதிந்துவிடும். "அசையாதே" என்று அவளைப் பார்த்துக் கத்திவிட்டுப் பட்டனை அழுத்தினார்.

விழுந்தது ஓர் இடி, காதுக்குள்ளேயே விழுந்த மாதிரி. மறுபடி சுயநினைவு வந்தபோது, கேமராவுக்கு முன்னால் வலது பக்கம் தள்ளி நின்ற காருக்குள் இருந்தார். ஒரு காலில் செருப்பைக் காணோம். வெளியே, அவர் நிறுத்தின இடத்திலேயே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மழை கொட்ட ஆரம்பித்த பிறகுதான் அவள் நடந்து வந்து கதவைத் திறந்தாள். "இப்ப அசையலாமா?" என்றாள்.

"உனக்குக் கதவைத் திறக்கத்தான் ஓடி வந்தேன்," என்று ஏதோ உளறினார். அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் கடைக் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். வானத்திலிருந்து மண் வரைக்கும் மின்னல், முழுசாக. வாழ்நாள் படம். அதன் கீழே, சின்னதாக, நேராக நிற்கிற மனைவி. வலது ஓரத்தில், இடிக்கு அடுத்து வெட்டிய மின்னல் வெளிச்சத்தில், வாயைப் பிளந்துகொண்டு பிடரியில் கால்பட ஓடுகிற ஒரு மனுஷன். செருப்பு தனியாக அந்தரத்தில் நின்றது.

"இந்த ஓரத்தை வெட்டிட்டா போதும்," என்றார் அவசரமாக.

"வெட்டுங்க," என்றாள் பின்னால் நின்ற மனைவி. "நீங்க ஓடினது தெரியாம போயிடும். நான் தனியா நின்னது அப்படியேதான் இருக்கும்."

நான் இருக்கேன்ல என்று சொன்ன வாய் அது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெட்டாமல் முழுப் படத்தையே சட்டத்தில் போட்டு மாட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் மின்னலை விட்டுவிட்டு, "யாரு சார் அது, இப்படி ஓடுறது?" என்றுதான் கேட்கிறார்கள்.

"நான்தான். தலையை நேரா வைங்க, சிரிக்காதீங்க," என்பார். யாராலும் முடிவதில்லை.

"அசையாதீங்க" என்பதை மட்டும், மனைவி கடையில் இருக்கும்போது அவர் சொல்வதில்லை.