பட்டியலில் முதல் வீடு

ஏனோராவின் சோதனைக்காலம் முடிய ஒரே நாள்தான் பாக்கி. வேலை நிரந்தரம் என்று ஒரு காகிதம் காட்டாமல் ரென் நகரத்தில் எந்த வீட்டுக்காரர் சாவி கொடுக்கிறார்? நாலு மாதமாக ஒன்றுவிட்ட அக்காள் வீட்டு சோபாவில்தான் படுக்கை.

அலுவலகத்தின் பிழைப்பு, தனியாக வாழும் முதியவர்கள். கழுத்தில் ஒரு பொத்தான். விழுந்தால் அழுத்த வேண்டும், இங்கே மணி அடிக்கும். அந்த நிரலை ஓகேமல் மொழியில் எழுதியவன் தலைவன் ரெஜிஸ். வீடுகளையெல்லாம் வீக் ஹேஷ் செட் என்ற பட்டியலில் போட்டு வைத்திருந்தான். அந்தப் பட்டியல் எதையும் கையில் பிடிக்காது. நிரலில் வேறு யாராவது ஒரு வீட்டைப் பிடித்திருக்கும்வரை அது அங்கே இருக்கும்; பிடி விட்டால், நினைவகத்தைப் பெருக்க வரும் துப்புரவு சத்தமில்லாமல் வாரிக்கொண்டு போய்விடும். அப்புறம் அந்த வீட்டிலிருந்து மணி வந்தால் நிரல் அதைத் தவறான அழைப்பு என்று தள்ளிவிடும்.

இத்தனை நாளும் வீடுகளைப் பிடித்திருந்தது சக ஊழியன் ப்ரூனோ மேசையில் ஓடிய கண்காணிப்புத் திரை ஒன்றுதான். நாளைக்கு அதை நிறுத்தப் போகிறார்கள்.

“திரையை நிறுத்தினா எல்லா வீடும் போயிடும், ரெஜிஸ்” என்றாள் ஏனோரா.

“அடேங்கப்பா! நாலு மாசத்துல எனக்கே பாடம் எடுக்க வந்துட்டா பாருங்கப்பா. நிரூபிச்சுக் காட்டு, தாயே.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது. உட்கார்ந்து ஒரு சோதனை எழுதினாள்: நூறு வீடு போடு, துப்புரவைக் கூப்பிடு, எண்ணு. வந்தது பூச்சியம்.

அந்தச் சந்தோஷத்தில் கணினியைப் பூட்டாமல் காபிக்குப் போனாள். பூட்டாமல் போனவர் மறுநாள் எல்லோருக்கும் குரோசான் ரொட்டி வாங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். திரும்பி வந்தபோது, ‘நாளை குரோசான் என் செலவு’ என்று அவள் பெயரில் எல்லோருக்கும் செய்தி போயிருந்தது. அவள் எழுதிய சோதனையோ ரெஜிஸ் பெயரில் ஏறியிருந்தது, கூடவே ஒரு திருத்தமும்.

“நேத்தே எனக்கு உறுத்திச்சு” என்று ரெஜிஸ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை குரோசானோடு வந்தவளை அறைக்குக் கூப்பிட்டான். “நமக்கு ஒத்து வராது. சாயங்காலம் கிளம்பிக்கோ.”

வீட்டுச் சாவி போயிற்று. இருக்கைக்கு வந்து அவன் திருத்தத்தைத் திறந்தாள். வாடிக்கையாளர் பதிவேட்டில் இருக்கும் வீடுகளை மட்டும் ஒரு அட்டவணையில் பிடித்து வைத்திருந்தான். பட்டியலில் முதல் வீடு பதிவேட்டில் இல்லை; திரை நின்றால் அதைப் பிடிக்க ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் பரிசோதனைக்காக அவனே கையால் சேர்த்தது. அது அவன் அம்மா வீடு.

வியாழன்தோறும் பத்து மணிக்கு அந்தம்மாள் பொத்தானைச் சோதிப்பாள். எடுப்பது ஏனோரா. “ஏதாவது சாப்பிட்டியாம்மா?” என்பாள் அந்தம்மாள். “பதில் வரலேன்னா நீங்கல்லாம் காபிக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சுக்குவேன்” என்று ஒருநாள் சிரித்திருக்கிறாள்.

ஏனோரா எழுந்து போனாள். “ரெஜிஸ், ஒரு வீடு மட்டும்…”

“இன்னும் அடங்கலையா நீ?” வாயில் அவள் வாங்கி வந்த குரோசான். “உன்னை இங்க யாரும் கேக்கல. அடையாள அட்டையை வச்சுட்டுக் கதவைச் சாத்திட்டுப் போ.”

அட்டையை வைத்தாள். கதவைச் சாத்தினாள். வெளியே ப்ரூனோ திரையை நிறுத்திக்கொண்டிருந்தான்.

அடுத்த வியாழன், அக்காள் வீட்டு சோபாவில் மணி பார்த்தாள். பத்து. அந்தம்மாளின் எண் அவள் ஃபோனில் இருந்தது. தன்னை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

காபிக்குப் போயிருப்பார்கள் என்று அந்தம்மாள் நினைத்துக்கொண்டிருப்பாள்.