காண்க: மாடி வீடு

நூலகத்தின் பட்டியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள் தன் கையால் எழுதிய முதல் 'காண்க' அட்டை இழுப்பறைக்குள் போன மறுநாளிலிருந்து, ஊரில் எதையாவது தொலைத்தவர்கள் எல்லாரும் அவள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் ஒற்றைக் கம்மலைத் தொலைத்த தையல்காரி. சந்தைக்கென்று கிளம்பியவளைக் கால்கள் இந்த மாடிப்படியில் ஏற்றிவிட்டிருந்தன. எதற்கு வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கதவைத் திறந்தவளுக்கும் ஒன்றும் தெரியாதுதான். ஆனால் வாயைத் திறந்ததும் வார்த்தை தானாக வந்து விழுந்தது: "தைச்சு மடிச்சு வெச்சீங்களே ஒரு நீலச் சட்டை, அதோட கைக்குள்ள பாருங்க." கம்மல் அங்கேதான் இருந்தது. அடுத்து ஒருவர் சைக்கிள் பூட்டின் சாவிக்காக வந்தார். அதற்கடுத்தவர் மனைவியைத் தேடி வந்தார். "அவங்க அம்மா வீட்டுல இல்லங்க, பெரியம்மா வீட்டுல இருக்காங்க. இன்னிக்குப் போகாதீங்க, கோபம் இன்னும் தணியல" என்று சொல்லி அனுப்பினாள். கொஞ்ச நாளில் ஊருக்கு இது பழகிப்போயிற்று. உருளைக்கிழங்கு விலை ஏறியதைப் பேசியவர்கள் அதே மூச்சில் மாடி வீட்டைப் பற்றியும் பேசிவிட்டு, பஸ் தாமதமாக வருவதைப் பற்றிய பேச்சுக்குப் போனார்கள். அவளுக்கு அட்டைக்காரம்மா என்று பெயர் விழுந்தது.

அவள் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. கணவன் நூலகத்தின் நடமாடும் வண்டியை ஓட்டியவன். ஒரு நாள் காலை வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். வண்டி ஓட்டத் தெரியாதவள் என்பதால் பட்டியல் பிரிவில் போட்டு, பகுப்பும் பட்டியலும் கற்றுத் தேர்வெழுத வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தார்கள். பிரிவின் தலைவி இவளைவிட வயதில் இளையவள். இவளை அக்கா என்று கூப்பிடுவாள். அக்கா என்று கூப்பிட்டபடியே வாங்கு வாங்கென்று வாங்குவாள். தலைப்பில் தோட்டம் என்ற சொல் இருந்ததை நம்பி, ஒரு புத்தகத்துக்குத் தோட்டக்கலையின் எண்ணைக் கொடுத்து அலமாரிக்கு அனுப்பிவிட்டாள் நம்மவள். உள்ளே பார்த்தால் முழுக்கச் சிறுநீரகக் கற்கள். அதை எடுத்துப்போன பூங்கா மேற்பார்வையாளர், படித்து முடித்த கையோடு மருத்துவமனைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

"தலைப்பு ஆசை காட்டும்க்கா, நம்பிடாதீங்க. புத்தகத்தத் திறந்து, நீ எதைப் பத்தினதுன்னு அதையே கேளுங்க. அது சொல்றதுக்குத்தான் நம்பர்" என்றாள் தலைவி.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், துணி அலமாரியில் மடித்திருந்த கணவனின் சட்டைகளைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டாள். அவை துணியைப் பற்றியவை அல்ல என்பது பார்த்ததுமே தெரிந்தது. எடுத்துவந்து, அவனுடைய மூக்குக்கண்ணாடியும் ஓட்டுநர் தொப்பியும் இருந்த சுவர்த் தட்டில் அடுக்கினாள். வீட்டில் உப்பு, சோப்பு, ஊசி, மெழுகுவர்த்தி என்று எல்லாவற்றுக்கும் எண் எழுதி ஒட்டிப் பழகிக்கொண்டிருந்தவளுக்கு, அந்தத் தட்டுக்கு மட்டும் எண் கிடைக்கவில்லை. அழுகை வந்தது, அழுதாள், பிறகு முகம் கழுவிவிட்டு விளக்கைப் போட்டாள். கீழ்வீட்டில் அண்ணன் குடும்பம் இருந்தது, அண்ணி குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். ஆனாலும் கீழ்வீடு கீழ்வீடுதான், மாடி மாடிதான்.

காண்க அட்டையைப் பற்றித் தலைவி சொல்லித் தந்தது மழைக்காலத்தின் தொடக்கத்தில். தேடி வருகிறவர்கள் நூலகத்தின் வார்த்தையில் தேடமாட்டார்கள், தங்கள் வாயில் வந்த வார்த்தையில்தான் தேடுவார்கள். நூலகம் ஒரு பொருளுக்குக் கண்நோய் என்று பெயர் வைத்திருக்கும். வருகிறவர் பார்வை மங்கல் என்று தேடுவார். அவர் தேடும் இடத்தில் ஓர் அட்டையை வைத்து, 'காண்க: கண்நோய்' என்று எழுதிவிட வேண்டும். அவர் முனகிக்கொண்டே அங்கே போவார், புத்தகமும் கிடைக்கும். அவளுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. "அப்ப இந்த அட்டைக்குக் கீழ என்ன புத்தகம் இருக்கும்?" என்று கேட்டாள். "ஒன்னும் இருக்காதுக்கா. அது வழி காட்டும், அவ்வளவுதான். யாரும் அதுகிட்ட நிக்க மாட்டாங்க" என்றாள் தலைவி, பசையைத் தேடிக்கொண்டே.

அதுதான் நடந்தது. மாடிக்கு வந்தவர்கள் யாரும் நிற்கவில்லை. கதவு தட்டப்படும், அவள் திறப்பாள், வார்த்தை வரும், வந்தவர் பாதிப் படியில் இறங்கிக்கொண்டே நன்றி சொல்வார், அல்லது சொல்லமாட்டார். கண்ணாடி கிடைத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உலகத்தையெல்லாம் பார்த்தார், அவளைப் பார்க்க வரவில்லை. "ஊரே உன்னத் தேடி வருது, உனக்கென்ன குறை? படிதான் தேயுது" என்றாள் அண்ணி. ஊர் தன்னைத் தேடி வரவில்லை என்பதை அண்ணிக்கு எப்படி விளக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாளுக்கு எத்தனையோ பேர் வந்துபோகும் வீட்டில், அவர்கள் போனபிறகு இருக்கும் அமைதி, யாருமே வராத வீட்டின் அமைதியைவிடக் கனமாக இருந்தது.

குடைக்காரர் வந்தது அப்போதுதான். சந்தைத் தெருவில் குடை பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். மனைவி இறந்து சில வருடம் ஆகிவிட்டது, பிள்ளைகள் வெளியூர். அவர் தொலைத்தது தூக்கத்தை. கதவைத் திறந்தவளின் வாய், தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரைப் போய்ப் பாருங்கள் என்றது. அந்த ஆபரேட்டர் ஊரறிந்த கவலைக்காரர். தொட்டி நிரம்பினால் வழிந்துவிடுமோ என்பார், காலியானால் இனி நிரம்பாதோ என்பார். குடைக்காரரைப் பார்த்ததும் அவர் வாயிலும் வார்த்தை தானாக வந்தது: "மாடி வீட்டு அட்டைக்காரம்மாவைப் பாருங்க." மறுநாள் மாலை குடைக்காரர் திரும்ப வந்தார். அவள் மறுபடியும் தொட்டிக்கு அனுப்பினாள். தொட்டி மறுபடியும் மாடிக்கு அனுப்பியது. ஒரு வாரம் போனதும் அவர் படியேறிய களைப்பில் நின்று மூச்சு வாங்கினார், அவள் தண்ணீர் கொடுத்தாள். அடுத்த வாரம் அது டீ ஆயிற்று. அதற்கும் அடுத்த வாரம் அவள் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டாள்.

மழைக்காலம் முழுக்க அவர் வந்தார். குடைகளைப் பற்றிப் பேசினார். குடையைக் கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் அதைத் திரும்ப வாங்க வருவதில்லை, மழை நின்றதும் மறந்துவிடுகிறார்கள் என்றார். அவள் பகுப்பைப் பற்றிப் பேசினாள். ஒரு புத்தகத்தில் குதிரையும் போரும் இருந்தால் எது பெரிதோ அதன்கீழ் வைக்க வேண்டும் என்றாள். "குதிரைகிட்ட கேட்டா வேற சொல்லும்" என்றார் அவர். அவள் சிரித்தாள், தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதிதாக இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்தே மாலைக்குக் காத்திருக்கத் தொடங்கினாள். அவர் மட்டும் மெலிந்துகொண்டே போனார். கண்ணுக்குக் கீழே கறுப்பு இறங்கி, கன்னத்தை எட்டியது. அவர் பழுதுபார்த்துக் கொடுத்த குடைகள் உள்பக்கமாக விரியத் தொடங்கின. அதற்கும் ஊர் பழகிக்கொண்டது.

மழை ஓய்ந்த ஒரு நாள் தலைவி அடுத்த பாடத்தை ஆரம்பித்தாள். "ரெண்டு காண்க அட்டை ஒன்னையொன்னு காட்டக் கூடாதுக்கா. காட்டினா தேடுறவரு இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்கன்னு நடந்தே செத்துப்போவாரு." அவளுக்குக் குடைக்காரர் நினைவு வந்தது. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் இழுப்பறையைத் திறந்தாள். 'தூக்கமின்மை, காண்க: கவலை' என்று ஓர் அட்டை. 'கவலை, காண்க: தூக்கமின்மை' என்று இன்னொன்று. வேறு வேறு வாரத்தில் எழுதியவை, இரண்டும் அவளுடைய அழகான கையெழுத்தில். இழுப்பறையின் நீளத்துக்கு ஓடும் கம்பி ஒவ்வோர் அட்டையின் அடித்துளை வழியாகவும் போகும். அதை உருவினால் போதும், அட்டை கையோடு வந்துவிடும். அவள் கம்பியைத் தொட்டாள். தொட்ட கையை எடுத்துக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுப்பறையை மூடினாள்.

நாளைக்கு என்பது மாதங்களாக நீண்டது. அவர் தூங்கிவிட்டால் வரமாட்டார். கணக்கு அவ்வளவுதான், அவளுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. டீயில் கொஞ்சம் அதிகமாகச் சர்க்கரை போட்டாள், அவர் உட்காரும் நாற்காலியில் ஒரு மெத்தை போட்டாள், அட்டையை மட்டும் எடுக்கவில்லை. தன்னைப் பற்றி அவளுக்கே வெறுப்பாக இருந்தது. ஒரு மாலை குடைக்காரர் படியிறங்கும்போது கண் சொருகிச் சரிந்தார். அண்ணிதான் தாங்கிப் பிடித்து, கட்டையாய் விறைத்திருந்த கையைத் தேய்த்துவிட்டாள். அவரை அனுப்பிவிட்டு மாடியை அண்ணாந்து பார்த்து, "அந்த மனுஷன் கரைஞ்சு போயிட்டிருக்காரு. நீ டீ குடுத்தே முடிச்சிடுவ போலிருக்கே" என்றாள். அண்ணிக்கு அட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்து சொன்னதுபோலவே அது அவள் மேல் விழுந்தது.

மறுநாள் போனதும் கம்பியை உருவி, இரண்டு அட்டைகளையும் எடுத்துக் கிழித்தாள். புத்தகங்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்று அலமாரி அலமாரியாகப் போய்ப் பார்த்துவந்து, 'தூக்கமின்மை, காண்க: உறக்கம்' என்று புதிதாக எழுதினாள். கவலைக்கு அதன் பெயரிலேயே ஓர் இடம் கொடுத்தாள். அன்று மாலை குடைக்காரர் வந்து நின்றதும் அவள் வாய் சொன்னது: "கடை மேசைக்குக் கீழ பழைய குடைத்துணி மூட்டை இருக்கு. அதுக்குள்ளதான் உங்க தூக்கம் சுருண்டு கிடக்கு. போய்ப் படுங்க." அவர் டீ குடிக்காமல் போனார். போய்ப் படுத்தவர் வாரக்கணக்கில் தூங்கினார். அவர் எழுந்துவிடக் கூடாதென்று சந்தைத் தெருவில் விலையைக் கிசுகிசுத்துச் சொன்னார்கள். குடைக்கடை மூடியிருந்ததால் மழையும் அந்தத் தெருவை விட்டுவிட்டு மற்ற தெருக்களில் பெய்தது.

எழுந்தபிறகும் அவர் வரவில்லை. அவள் தேர்வெழுதித் தேறினாள். தலைவி முதல்முறையாகத் திட்டாமல் கைகுலுக்கினாள். ஒரு வருடம் போயிற்று. வந்தவர்களுக்கெல்லாம் வழி சொன்னாள், நாற்காலியின் மெத்தையை வெயிலில் காயவைத்து எடுத்துப் போட்டாள். செய்ததில் தப்பில்லை என்று தெரிந்திருந்தும் மாலை வந்தால் தாங்க முடியவில்லை. பிறகு ஒரு மாலை, சோப்பு வாங்க வேண்டும் என்று நூலகத்திலிருந்து கிளம்பியவளைக் கால்கள் கடைப்பக்கம் விடாமல் தெருத்தெருவாக இழுத்துவந்து, அவள் வீட்டு மாடிப்படியிலேயே ஏற்றின. சாவியை எடுக்கப் போன கை, கதவைத் தட்டியது. உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தது அவளேதான். தோளில் துண்டும், ஈரக் கையுமாக, பாதி சமையலில் வந்தவள்போல நின்றிருந்தாள். கணவன் போனதற்குப் பிறகு அந்தக் கதவை உள்ளேயிருந்து ஒருவர் திறப்பது அதுதான் முதல் தடவை. வெளியே நின்றவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உள்ளே நின்றவள், எல்லாரிடமும் காட்டும் அதே பொறுமையோடு காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "சந்தைத் தெரு, குடைக்கடை. அவரு கடையச் சாத்துறதுக்குள்ள போயிடுங்க."

போனாள். குடைக்காரர் கன்னம் நிறைந்து, நல்ல நிறத்தோடு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, குடை எதுவும் கொண்டுவந்திருக்கிறாளா என்று கையைப் பார்த்தார். கொண்டுவரவில்லை.

"தூக்கம் நல்லா வருது. ஆனா சாயங்காலமானா கால் அந்தப் பக்கமே இழுக்குது" என்றார். "எதையும் தொலைக்காம உங்க வீட்டுக்கு எப்படி வர்றது, சொல்லுங்க?"

"நான் தொலைச்சிட்டேன், அதான் வந்தேன்" என்றாள் அவள். அவர் வாடிக்கையாளர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அதிலிருந்து மாலை நேரங்களில் அட்டைக்காரம்மாவைக் குடைக்கடையிலும் பார்க்கலாம், மாடியிலும் பார்க்கலாம். தொலைத்தவர்களுக்கு மாடியில் இருப்பவள் வழி சொல்கிறாள். இப்போதெல்லாம் உள்ளே வந்து உட்காரச் சொல்லி, தண்ணீரும் கொடுக்கிறாளாம். நூலகத்துக்கு யாராவது ஒருத்தி வந்தால் போதும் என்றாள் தலைவி. பால்காரர் மட்டும், இனிமேல் எத்தனை பாக்கெட் என்று கேட்டார். இரண்டு என்றாள். அண்ணி ஒருமுறை மாடியை எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்தாவது படியைக் கூட்டிப் பெருக்கலாமே என்றாள். குடைக்கடையிலிருந்து திரும்பும்போது வீட்டுச் சாவி அவளிடம் இருக்கத்தான் செய்கிறது, கைப்பையின் உள்ஜிப்பில். படியேறி மேலே வந்ததும் அவள் கதவைத் தட்டுகிறாள்.