கட்டுரைக்கும் அரைப் பேர்

மனிதன் இதுவரை கண்டுபிடித்த எந்த அளவுகோலாலும் தனுஷனின் எழுத்தை அளக்க முடியாது. சொன்னது தனுஷனேதான். தலவாக்கலை பஸ் தரிப்பிடத்தில், பாதி கடித்த வடையைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் சொன்னான். கேட்டுக்கொண்டு நின்றவன் ஸஜ்ஜாத், கூடப் படிக்கிறவன்.

"அப்ப நாப்பத்திமூணு எப்பிடிடா வந்துச்சு?"

"அது அளந்தவங்களோட மார்க்ஸ். என்னுது இல்ல."

மாகாணக் கட்டுரைப் போட்டிக்குக் கண்டிக்கு ஓர் ஆளை அனுப்புவதற்காகப் பாடசாலையில் தேர்வு வைத்திருந்தார்கள். தலைப்பு, 'காலநிலை மாற்றமும் நாம் கொடுக்க வேண்டிய விலையும்'. திருத்துவதற்குப் புள்ளித்திட்டம் ஒன்று இருந்தது. முன்னுரைக்கு இத்தனை, ஐந்து கருத்துக்கு இத்தனை, அடிக்கோடிட்ட துணைத்தலைப்புக்கு இத்தனை, பழமொழிக்கு இத்தனை. எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டியிருந்தது. அந்தக் கட்டங்களில் சுலக்ஷனாவுக்கு எண்பத்தாறு விழுந்தது. தனுஷனுக்கு நாற்பத்துமூன்று. சரியாகப் பாதி. தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்து நிறை குறைந்தவர்களுக்குப் பாதிச் சம்பளம் போட்டு 'அரைப் பேர்' என்பார்கள். தனுஷனுக்கு இலக்கியத்தில் அரைப் பேர் விழுந்திருந்தது.

சுலக்ஷனா அடுத்த வீடு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீடென்றால் நடுவில் ஒரே சுவர்தான். அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் வந்து விழுந்த வாழ்த்துகள் ஒன்றுவிடாமல் இந்தப் பக்கமும் கேட்டன. அவள் வீட்டில் பால்டொபி கிண்டி லயம் முழுக்கக் கொடுத்தார்கள். தனுஷன் இரண்டு தின்றுவிட்டு, இனிப்பு அதிகம் என்று அபிப்பிராயம் சொன்னான். மூன்றாவதைத் தின்று அதை உறுதி செய்துகொண்டான்.

"அந்தப் புள்ளயும் உன் வகுப்புதான? அதுக்கு மட்டும் எப்பிடி ஏறுது?" என்றாள் அவன் அம்மா பேச்சியம்மா.

"அவ அடிமட்டம் வச்சுக் கோடு போட்டு எழுதுறாம்மா. இலக்கியத்துக்கு எதுக்கு அடிமட்டம்?"

"நீயும் ஒண்ணு வாங்கிக்கோயேன். கடையில இல்லையாமா?"

இந்த வீட்டில் மேற்கொண்டு இலக்கியம் பேசுவதில்லை என்று தனுஷன் முடிவெடுத்தான்.

தன் கட்டுரையில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வெயில் வந்தால் செடி கருகுகிறது, மழை வந்தால் மண் இறங்குகிறது என்று ஆனபிறகு, லயத்துக்கு மேலேயுள்ள ஆறாம் நம்பர் மலையில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரம் நடப்போவதாகத் தோட்டத்தில் பேச்சு. அப்படிப் பிடுங்கப்படவிருக்கும் தேயிலைச் செடி ஒன்று, மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கு நிரந்தர லீவு கேட்டு லெட்டர் எழுதுகிறது. அதுதான் கட்டுரை. முன்னுரை கிடையாது, செடிக்கு முன்னுரை தெரியாது. முடிவுரையில் ஒரு கையொப்பம், ஓர் இலை.

மறுநாள் தமிழ் படிப்பிக்கும் கணேசமூர்த்தி சேரைப் போய்ப் பிடித்தான்.

"சிரிச்சேன்டா," என்றார் சேர். "ரெண்டு எடத்துல வாய்விட்டுச் சிரிச்சேன். மத்த டீச்சர்மாருக்கும் வாசிச்சுக் காட்டுனேன்."

"அப்ப மார்க்ஸ்?"

"சிரிப்புக்குக் கட்டம் இல்லையே."

"கொழுந்து நிறுக்குற மாதிரி கட்டுரைய நிறுக்குறீங்க சேர்."

"சரி, தராச எடுத்துருவோம். கங்காணி கண்ணால பாத்தே பேர் போடுறாருன்னு வையி. யாருக்கு முழுப் பேர் விழும்?"

கங்காணியின் கொழுந்தியாளுக்கு. தனுஷனுக்கு விடை தெரியும்.

"இந்தத் திட்டம் வர முந்தி இங்க கட்டுரைப் பரிசெல்லாம் கிளாக்கரையா வீட்டுப் புள்ளைங்களுக்குத்தான். லயத்துல இருந்து ஒரு ஆள் கண்டிக்குப் போனதில்ல. இன்னைக்கு எனக்குப் புடிச்ச எழுத்துக்கு மார்க்ஸ் போட்டா, நாளைக்கு எனக்குப் புடிச்ச ஆளுக்கும் போடுவேன்டா."

"அப்ப வேற மாதிரி எழுதுறவன் நட்டப்படணுமா?"

"படுறான்தான்," என்றார் சேர், மறைக்காமல். "அதுக்கு எங்கிட்ட மருந்தில்ல. ஆனா ரெண்டாவது ஆளும் வரலாம்னு இன்னைக்குச் சொல்லியிருக்காங்க. அடுத்து வந்த உனக்கும் ஸஜ்ஜாத்துக்கும் வெள்ளிக்கெழம இன்னொரு பேப்பர். ஜெயிக்கிற ஆள் சுலக்ஷனாவோட போகலாம். அதே திட்டந்தான்." அவளுடைய கட்டுரையை எடுத்து நீட்டினார். "ஒருக்கா வாசி."

தனுஷன் வாசிக்க உட்கார்ந்தது சிவப்புப் பேனாவோடுதான். பழமொழி, அவன் நினைத்த இடத்திலேயே இருந்தது. அடிக்கோடுகள் நூல் பிடித்ததுபோல் இருந்தன. 'முதலாவதாக' வந்தது. ஒழுக்கமாக 'இரண்டாவதாக'வும் வந்தது. அவனுக்கு மனசு நிறைந்தது. அப்புறம் மூன்றாவது வந்தது.

'மூன்றாவதாக, ஆறாம் நம்பர் மலையில் மரம் நட்டால் என் அம்மாவுக்குக் கொழுந்து குறையும், அரைப் பேர்தான் கிடைக்கும். நடாவிட்டால் மண் இறங்கி எங்கள் வீட்டின் பின்சுவர் இருக்காது. ஆகவே மரம் நட வேண்டும். குறைகிற அரைப் பேரை, மரத்தால் நன்மை பெறும் அனைவரும் சேர்ந்து கொடுக்க வேண்டும்.'

அவன் சிவப்புப் பேனாவை மூடினான். மலையில் கொழுந்தெடுக்கும்போது அவள் அம்மாவுக்கு அடுத்த நிரையில் நிற்பது பேச்சியம்மா. அந்தப் பின்சுவர் அப்படியே நீண்டு வந்தால் அது அவன் வீடு. இரண்டு பக்கம் எழுதிய அவனுடைய தேயிலைச் செடிக்கு இது எதுவும் தெரியவில்லை. எண்பத்தாறைக்கூட அவனால் மன்னிக்க முடிந்தது. இந்த நாலு வரியை மன்னிக்க முடியவில்லை.

லயத்தார் தண்ணி பிடிக்கிற பீலியடியில் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தான்.

"எப்பிடி இருக்கு?" என்றாள் சுலக்ஷனா.

"ரெண்டு எழுத்துப்பிழை."

"ஒண்ணுதான். சேர் வட்டம் போட்டிருக்காரு பாரு."

"மூணாவது பாயிண்ட்டு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லணும்? பின்சொவர்ல ஈரம் ஏறி வருது. உங்க பக்கம் இல்லையா?"

இருந்தது. அதன்மேல் அவன் ஒரு கலண்டரை மாட்டியிருந்தான்.

"உன் லீவு லெட்டர சேர் டீச்சர்மாருக்கு வாசிச்சப்ப நானும் கேட்டேன்," என்றாள் அவள், குடத்தைத் தூக்கிக்கொண்டே. "எனக்கெல்லாம் அப்பிடி எழுத வராது."

பொறாமையோடு சொல்லியிருந்தால் அவனுக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சும்மா சொன்னாள்.

வெள்ளிக்கிழமைத் தலைப்பு, 'வறட்சியில் கொத்மலை நீர் மின்சாரத்துக்கா, வயலுக்கா?' வாசித்த மறுகணமே நீர்த்தேக்கம் ஒன்று பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுப்பதாக முதல் வரி வந்துவிட்டது. நல்ல வரி. தனக்குள் ஒருமுறை சிரித்துக்கொண்டான். பிறகு கண்டிக்குப் போகிற பஸ்ஸில் சுலக்ஷனாவுக்குப் பக்கத்தில் ஸஜ்ஜாத் உட்கார்ந்திருப்பது மனக்கண்ணில் தெரிந்தது. பஸ் போய்க்கொண்டேயிருந்தது.

கொம்பஸ் பெட்டியை வழக்கம்போலத் திறந்தான் என்று சொன்னால் அது மிகை. பெட்டியே அன்று காலைதான் வாங்கியது. அதிலிருந்து புது அடிமட்டத்தை, ஸஜ்ஜாத் நிமிரும்வரை காத்திருந்து அவன் மறுபடி குனிந்ததும், சத்தம் வராமல் எடுத்தான். ஓரக்கோடு கிழித்தான். நடுவில் 'முன்னுரை' என்று எழுதினான். கீழே போட்ட கோடு சற்றுக் கோணியது. அழித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி கிழித்தான்.