கருப்பட்டி பிஸ்கோத்து

நூர் நிஷா என் வாசலில் வந்து நின்றபோது, வாடி வா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. கூடப்பிறந்த அக்காபோல லாத்தா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள் நான். போன மாதம் தன் மகனுக்காக என் மகள் குல்சுமைப் பார்க்க ஜுனைதா என்ற அம்மாள் வந்தார். தனுஷ்கோடியில் கப்பல் இறங்கி வந்த என் தம்பி கொழும்புச் சாக்லேட் கொடுத்திருந்தான். அதை உடைத்துப் போட்டு, கருப்பட்டி சேர்த்து, குல்சும் மெதுமெதுவென்று பிஸ்கோத்து சுட்டாள். தட்டை எடுத்துப் போன நூர் நிஷா, "எம் மக மைமூன் செஞ்சது" என்று கூசாமல் சொல்லிவிட்டாள். பல் ஆடும் அந்த அம்மாள் ஒன்றுக்கு மூன்றாகத் தின்றார். சம்பந்தம் மைமூனுக்குப் போனது. நடந்தது எனக்குத் தெரியவந்தபோது பேச்சு முடிந்துவிட்டது.

"அந்த வீடு இனி எனக்கு வேணாம் உம்மா. நான் செஞ்சதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்று அழுதாள் குல்சும். என் வயிறு பற்றி எரிந்தது.

"நிச்சயத்துக்கு அதே பிஸ்கோத்து வேணுமாம், மைமூன் கையால. எப்படிச் செய்யிறதுன்னு சொல்லு சபியா" என்றாள் வாசலில் நின்ற நூர் நிஷா.

சொன்னேன். மாவு, வெண்ணெய், மணல் பரப்பிய சட்டி, மூடிமேல் தணல். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"தொட்டா கெட்டியா இருந்தா எறக்கிறலாம்ல?"

நம் ஊரில் பிஸ்கோத்து என்றால் தட்டினால் சத்தம் கேட்க வேண்டும். இதை அமுங்கும்போதே இறக்கிவிட வேண்டும், ஆறும்போதுதான் பதம் வரும். விட்டால் கருப்பட்டி இறுகிக் கல்லாகிவிடும்.

"ஒங்களுக்குத் தெரியாததா லாத்தா?" என்றேன்.

நிச்சயத்தன்று பெண்கள் கூட்டத்தின் நடுவே ஜுனைதா ஆசையோடு கடித்தார். கடக்கென்றது. வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளங்கையில் பல் கிடந்தது.

"அன்னைக்குத் தின்னது இது இல்லையே! ஏ புள்ள, நெசமா நீதான் செஞ்சியா?"

மைமூன் அழுதுவிட்டாள். "அன்னைக்குத் தின்னது குல்சும் செஞ்சது மாமி."

நூர் நிஷாவின் தலை குனிந்தது. என் வயிறு குளிர்ந்தது.

ஜுனைதா என் பக்கம் திரும்பினார். "அப்ப ஒம் மகளையே கேக்குறேன் சபியா."

மடியிலிருந்த டப்பாவைத் திறந்து, குல்சும் அன்று காலை சுட்டதில் ஒன்றை நீட்டினேன். அவர் தின்று முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ருசியா இருக்குல்ல? பலகாரத்தப் பாத்துப் பொண்ண மாத்துற வீட்டுக்கு எம் மக வரமாட்டா" என்று டப்பாவை மூடினேன்.