ஜன்னலோரக் கண்ணாடிக் குழாய்

பழைய ரெசினையெல்லாம் இன்றைக்கே எரித்துவிட வேண்டும் என்று சின்ன முதலாளியம்மா சொன்னதும் அக்கா ஜன்னலோரம் போய் நின்றாள். முலாம் பட்டறையில் எல்லாருக்கும் அவள் அக்காதான், முதலாளிக்கும்கூட. சயனைட் தண்ணீரில் கரைந்த தங்கத்தை ரெசின் மணிகளில் பிடித்து, மணிகளிலிருந்து வேறொரு கரைசலில் இறக்கி, மின்சாரம் விட்டு எஃகுத் தகட்டில் படிய வைப்பது அவள் வேலை. இறங்காமல் மணியிலேயே தங்கிவிட்டதை எரித்துத்தான் எடுக்க முடியும். அவளுக்கு முன்னால் அது அவள் வீட்டுக்காரர் பார்த்த வேலை.

ஜன்னலோரம் தொங்கிய கண்ணாடிக் குழாய் அவர் கையால் செய்தது. முழ நீளம், உள்ளே பழுப்பு மணிகள்.

"அதை மட்டும் தனி மூசையில எரிக்கிறேம்மா."

"அவ்வளவூண்டுக்குத் தனி மூசையா? அதுல என்னக்கா இருக்கு?"

"என் மோதிரத்தோட மிச்சம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். பிறகு அந்தக் கதையைச் சொன்னாள். கல்யாணமான முதல் வருடம் அவள் பட்டறையின் முன்கட்டில் நகைகளைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தாள். அப்பா போட்ட நாலு கிராம் மோதிரம் மங்கிப்போச்சு என்று ஒருநாள் முணுமுணுத்தாள். "குடு, ஒரு நிமிஷத்துல மின்னும்" என்று வாங்கிப் போன மனுஷன், அதை எஃகுக் கொக்கியில் மாட்டி, சின்ன ஜாடி சயனைடில் இறக்கி, மின்சாரத்தைத் திருப்பி விட்டார். மேல்தோல் கரைந்து தங்கம் பளிச்சிடும். பட்டறையில் எல்லாரும் முதலாளிக்குத் தெரியாமல் செய்கிற வேலைதான். அந்த நேரம் பார்த்து எங்கோ பெல்ட் அறுந்தது, இவர் ஓடினார், மறந்தே போனார். மறுநாள் காலையில் கொக்கி மட்டும் தொங்கியது.

"கரைஞ்சா எங்க போயிடும்? இந்தத் தண்ணியிலதான் இருக்கு. எடுத்துத் தரலேன்னா ஏன்னு கேளு" என்றார். அவள் பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் மோதிரத்தை நீட்டினார். இந்தக் குழாயில் பிடித்து, தகட்டில் படிய வைத்து, உருக்கி அடித்ததாம். "கொஞ்சூண்டு மட்டும் மணியை விட்டு வரமாட்டேங்குது. பிடிவாதம், உன்னை மாதிரி."

அவர் கெட்டிக்காரத்தனத்தை அன்றிலிருந்து ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள். அது ஒரு காலம். வேலை விட்டதும் முக்கால் மணி நேரம் இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நடந்து வீடு போவார்கள். தன் முகத்தைத் துடைக்காவிட்டாலும் தினமும் துடைத்து வைத்த சைக்கிளை, மோதிரம் திரும்பி வந்த அந்த வாரம்தான் அவர் விற்றிருந்தார். டாக்டர் நடக்கச் சொன்னாராம். நாலு வருடமாக அவர் இல்லை. அவள் பஸ்ஸில் போகிறாள்.

மணிகள் எரிந்து சாம்பலாயின. சாம்பலை உருக்கி ஆற வைத்தாள். கடுகளவு தேறும் என்று நினைத்திருந்தாள்; மூசையைக் கவிழ்த்தபோது பட்டாணி அளவு மஞ்சள் உருண்டை விழுந்தது. கை தானாகத் தராசுக்குப் போனது. நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு.

அன்றைக்கு மணிகளிலிருந்து ஒரு பொட்டுகூட இறங்கியிருக்கவில்லை. அப்போது அவர் அந்த வேலைக்குப் புதுசு. எரித்து எடுக்கலாம் என்றால், உலை மூட்டப் பெரிய முதலாளியிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்து வழிந்தது.

"முழு மோதிரமும் இதுல இருக்கே! அப்போ நீங்க கையில போட்டிருக்கிறது?" என்றாள் சின்ன முதலாளியம்மா.

அக்கா விரலைத் தடவிக்கொண்டாள்.

"இது சைக்கிள்மா."