இரண்டு தெருவுக்கு ஒரு வறுமை

மானியப் பட்டியலில் ஒரு தொகை ஒரு வரிசை கீழே இறங்கிப் பதிவானதால், தோல்கிடங்குத் தெருவின் வறுமை அந்த ஆண்டு ஆறாம் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, கடிகாரத் தெருவுக்குக் குடிபெயர்ந்தது. நடுவில் ஒரு சாக்கடையும் அதன்மேல் ஒரு சிறு பாலமும்தான் என்பதால் அதிக நேரம் பிடிக்கவில்லை. தோல்கிடங்குத் தெருவில் முப்பது வருடமாக ஓதம் ஏறிக் கிடந்த சுவர்கள் மதியத்துக்குள் காய்ந்தன. வட்டிக்காரர் தெருமுனை வரை வந்து, எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினார். கிடங்கு முதலாளி யாரும் கேட்காமலே கூலியை உயர்த்திவிட்டு, தான் செய்த காரியத்தைத் தானே நம்ப முடியாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். தோல் நாற்றம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அது பட்டியலில் இல்லை.

கடிகாரத் தெருவுக்குள் வறுமை வீட்டு எண் வரிசைப்படி நுழைந்தது. முதல் வாரம் ஒன்றும் இரண்டும், அடுத்த வாரம் மூன்றும் நான்கும். நுழைந்த வீட்டில் மாவு டப்பா ஒரு சாண் இறங்கும். செருப்பு தேய்ந்து உள்ளங்காலில் தரை படும். நேற்றுவரை வேலை கொடுத்தவர்கள் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள். அதே வாரம் அரசாங்க வண்டி வந்து ஒரு மூட்டை மாவும் ஒரு போர்வையும் ஒரு மருந்துச் சீட்டும் இறக்கிவிட்டுப் போகும். மானியம் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை என்பதை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முதல் எண்காரரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் இரண்டாம் எண்காரரான ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரும் ஆளுக்கொரு போர்வையுடன் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அதைப் பார்த்த மற்ற வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் முறை எப்போது என்று விரல்விட்டு எண்ணினார்கள். வறுமை வரிசையில் வந்தாலும் பயம் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வந்துவிட்டது.

தெருவின் கடைசி வீடு முப்பத்தெட்டாம் எண். அதில் கடிகாரம் பழுது பார்ப்பவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். மனைவிக்கு நகர அலுவலகத்தின் வறுமை ஒழிப்புப் பிரிவில் மூன்றாவது மேசை. அதனால் ஊரே அவளை மூணாம் மேசை என்றுதான் சொல்லும், கோபம் வந்தால் கணவரும். வறுமை இருபத்தாறாம் எண் வரை வந்த வாரத்தில், ஏதோ உறுத்த, அவள் மானியப் பட்டியலின் நகலை எடுத்துப் பார்த்தாள். பதினான்காம் வரிசையில் தோல்கிடங்குத் தெரு, எதிரே வெறும் கட்டம். பதினைந்தாம் வரிசையில் கடிகாரத் தெரு, எதிரே முழுத் தொகை. தட்டச்சு செய்யும்போது வரிசைக்குக் கீழே மரஸ்கேலை வைத்துக்கொள்வது அவள் வழக்கம். அன்று தொலைபேசி அடித்து, பேசி முடித்துவிட்டு, ஸ்கேலை ஒரு வரிசை தள்ளி வைத்திருக்கிறாள்.  யாரிடமும் சொல்லாமல் நகலை மடித்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

உடனே திருத்தாததற்குக் காரணம் இருந்தது. அவள் தங்கையைத் தோல்கிடங்குத் தெருவில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. தங்கை மகள் பாப்பாவுக்கு ஆறு வயது. பிறந்த நாளிலிருந்து அந்த ஓதச் சுவரோரம் படுத்து, மூச்சைவிட இருமலைத்தான் அதிகம் பழகியிருந்தாள். மூணாம் மேசைக்குப் பிள்ளைகள் இல்லை. பாப்பாவின் இருமலைப் பாலத்துக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டுக் கேட்டு அவள் உடம்பு வற்றிப்போயிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தக் குழந்தை ஒருமுறைகூட இருமவில்லை.

இரண்டாம் தவணை பத்தாம் மாதம் இருபதாம் தேதி வெளியாகும். அதற்குள் திருத்தம் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் பட்டியல் அப்படியே நிலைத்துவிடும். முப்பத்திரண்டாம் எண்ணுக்கு மாவு மூட்டை இறங்கிய அன்று அவள் கணவரிடம் உண்மையைச் சொன்னாள்.

"தப்பு உன்னோடது. திருத்தறதும் உன் வேலைதானே? இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அவர்.

"பாப்பா இருக்காளேங்க."

அவர் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு கடிகாரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அவள் தன் பிரிவின் கண்காணிப்பாளரிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார் என்ற பழி அந்த மனிதர்மேல் இதுவரை விழுந்ததில்லை. இரண்டு தெருவுக்கு எதிரேயும் கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாமா என்றாள். "அது எப்படிம்மா? எங்கயாவது ஒரு தெருவுல இருந்தே ஆகணும். இல்லன்னா மேல கூட்டுத்தொகை இடிக்கும்" என்றார் அவர். பதினாறாம் வரிசை கொல்லர் தெரு. அந்தக் கட்டத்தின்மேல் பென்சிலை வைத்தபடி அவள் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். கொல்லர் தெருவிலும் யாரோ ஒரு பெரியம்மா இருப்பாள் என்று தோன்றியதும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

வறுமை முப்பத்தாறாம் எண்ணில் இருந்தபோது தங்கை வந்தாள். விஷயம் எப்படியோ அவள் காதுக்கு எட்டியிருந்தது. அவள் அழவில்லை, கெஞ்சவில்லை, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, திருத்திடுன்னு சொல்லத்தான் கிளம்பி வந்தேன். நாலு மாசம் என் பொண்ணு நிம்மதியா தூங்கிட்டா, அது போதும்னு சொல்லணும்னு வழி முழுக்க சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். இப்ப வாய் வரமாட்டேங்குது."

அடுத்த வாரம் முப்பத்தெட்டாம் எண்ணின் மாவு டப்பாவும் ஒரு சாண் இறங்கியது. கணவருக்கு வரவேண்டிய கடிகாரங்கள் வரவில்லை. பத்தொன்பதாம் தேதி பிற்பகல், அலுவலகம் மூட அரைமணி இருக்கும்போது, மூணாம் மேசை திருத்தப் படிவத்தை எடுத்தாள். அதன் கடைசிக் கட்டம் குறிப்புகளுக்கானது. அதுவரை யாரும் அதில் எதுவும் எழுதியதில்லை. அவள் எழுதினாள்: சுழற்சி முறையில், ஒற்றைப்படை மாதங்களில் தோல்கிடங்குத் தெரு, இரட்டைப்படை மாதங்களில் கடிகாரத் தெரு. கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டார். 

பதினோராம் மாதம் முதல் தேதி காலை வறுமை பாலத்தைக் கடந்து பழைய இடத்துக்குத் திரும்பியது. இப்போது வழி பழகிவிட்டதால் வீட்டு எண் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போனது. சுவர்கள் வியர்த்தன. எட்டு மணிக்குப் பாப்பா இருமினாள். மூணாம் மேசை செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பாலத்தின் நடுவில் எதிரே தங்கை, தோளில் குழந்தையோடு வந்துகொண்டிருந்தாள்.  கை மாறிய குழந்தை பாலத்தின் இந்தக் கரையை அடைந்ததும் இருமலை நிறுத்திவிட்டு, பசிக்கிறது என்றது. அன்றிலிருந்து ஒற்றைப்படை மாதம் பெரியம்மா வீடு, இரட்டைப்படை மாதம் அம்மா வீடு என்று பாப்பா வளர்ந்தாள்.

இதைப் பார்த்த மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த மாதம் கடிகாரத் தெருவின் முறை வந்தபோது, தலைமை ஆசிரியர் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு தோல்கிடங்குத் தெருவுக்குப் போய், இங்கே ஒரு கட்டில் கிடைக்குமா என்று கேட்டார். கிடைத்தது. மூன்றாம் ஆண்டு கைக்குட்டையை மறந்துவிட்டுப் போனார். வீட்டுக்கு ஒரு கட்டில் என்று யாரும் கூட்டம் போடாமலே ஒரு கணக்கு அமைந்தது. நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள், முடியாதவர்கள் மாதப் பிறப்பில் பாலம் கடப்பார்கள். வறுமை வந்து பார்க்கும்போது தெருவில் தாங்கக்கூடியவர்கள் மட்டும் இருப்பார்கள். மதிப்பீடு செய்ய வந்த அதிகாரி இரண்டு தெருவிலும் வறுமை சரிபாதியாகக் குறைந்துவிட்டதாக அறிக்கை எழுதினார். கண்காணிப்பாளருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது, அதையும் அவர் படிக்கவில்லை. மூணாம் மேசைக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பட்டியலைப் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும், குறிப்பை மறக்காமல் ஏற்ற வேண்டும். ஏழு தடவை சரிபார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, எட்டாம் தடவை பார்க்கத் திரும்ப அலுவலகத்துக்கு ஓடியிருக்கிறாள். அவள் தலை அந்தப் பத்து வருடத்தில் முழுக்க வெளுத்தது.

பாப்பாவுக்குப் பதினாறு வயதான ஆண்டு, ஏழாம் மாதம் முதல் தேதி, மூணாம் மேசை வழக்கம்போல் பாலத்தில் காத்திருந்தாள். பாப்பா வந்தாள். தோளில் துணிப்பை இல்லை, கையில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை இருந்தது. பிறந்து இருபது நாள், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பிரசவத்தில் இளைத்துப்போன அதன் தாய் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தாள்.

"பெரியம்மா, இந்த மாசம் என் கட்டில் இவங்களுக்கு."

"உனக்கு இருமல் வந்துடுமேடி."

"வரட்டும் பெரியம்மா. எனக்கு இருமத் தெரியும். இவனுக்கு இன்னும் தெரியாது."

மூணாம் மேசை அவளை இழுத்துக்கொண்டு போகத்தான் நினைத்தாள். ஆனால் கையில் குழந்தை வந்துவிட்டது. பாப்பா திரும்பி நடந்தாள். பாலத்தின் பாதியில் முதல் இருமல் வந்தது. அவள் நின்று, இருமி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு மீதிப் பாதியைக் கடந்தாள். முப்பத்தெட்டாம் எண் வீட்டில் கடிகாரம் பழுது பார்ப்பவர் கட்டிலைத் தட்டி விரித்து வைத்திருந்தார். வந்தது யார் என்று பார்த்தார், இன்னொரு தலையணையைக் கொண்டுவந்து போட்டார். குழந்தை மூச்சு சீராகி, தாயின் பக்கத்தில் தூங்கியது. அன்று முழுக்கப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மாதத்துக்கு முப்பத்தொரு நாள்.