இன்ஜினியர் சுட்ட பன்றி

"இன்ஜினியர்! இன்ஜினியர் இருக்காங்களா?"

வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேப்டன் லாபித்தான் குரல் கொடுத்தபோது, நெரிசா கரிக்குழிமேல் ஒரு கையால் மூங்கில் கழியைச் சுழற்றியபடி, மறு கையால் அதில் கோத்திருந்த பன்றியின் முதுகில் பால் தடவிக்கொண்டிருந்தாள். கேப்டன் என்றால் கப்பலும் கிடையாது, படையும் கிடையாது. ஊர்த் தலைவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஊர்ப் புனிதர் சான் ரோக்கேயின் திருவிழாவுக்காக வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அது இப்போதே வியர்வையில் நனைந்திருந்தது.

"பந்து மைதானத்துல மேடை போட்டிருக்கோம். சாயங்காலம் அழகிப் போட்டி. மேயர் வர்றார். நீங்க ஒரு தடவை வந்து பாத்து, நல்லாயிருக்குன்னு சொல்லிட்டா என் மனசு ஆறும்."

"கேப்டன், இது உங்க வீட்டுப் பன்னி. மத்தியானம் உங்க மேஜைக்கு வர வேண்டியது. இப்ப நான் நகர்ந்தா தோல் கருகிடும்."

"உங்கப்பா நேத்தே சொல்லிட்டாரே, 'என் மக வந்து பாப்பா'ன்னு!"

நெரிசா திரும்பி வீட்டு முகப்பைப் பார்த்தாள். அங்கே, வழக்கமான நாற்காலியில், கையில் சேவலோடு உட்கார்ந்திருந்தார் அவள் அப்பா பானியோ. அவர் தலைக்கு மேல், வீட்டின் அகலத்துக்கு, அந்த பேனர். கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாகச் சிரிக்கும் இருபத்திரண்டு வயது நெரிசா. 'வாழ்த்துகள்! அரசுத் தேர்வில் வென்ற இன்ஜினியர் நெரிசா. பெருமையுடன்: குடும்பத்தார்.' பரீட்சை தேறிய பிள்ளைக்கு இப்படி ஒன்று தொங்கவிடாத வீடு அந்தத் தெருவில் இல்லை. மற்றவர்கள் ஒரு மாதத்தில் கழற்றிக் கோழிக்கூண்டுக்குப் போர்த்திவிட்டார்கள். பானியோ கழற்றவில்லை. போன மாதம் புயல் வந்தபோது முதலில் அதைத்தான் அவிழ்த்துச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அடுப்புக் கொட்டகையின் தகரக் கூரை பறந்து போனதை மறுநாள் காலையில்தான் கவனித்தார். பேனர் மறுபடி ஏறிவிட்டது. தகரம் இன்னும் வரவில்லை. இந்தப் பன்றி திறந்த வானத்துக்குக் கீழேதான் வெந்துகொண்டிருந்தது.

செபு நகரத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இரண்டு வருடம் சாக்கடைக் குழாய்களுக்குப் படம் வரைந்தாள் நெரிசா. வேலை மோசமில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் நண்பன் ஜுன்ரே வீட்டாரோடு முழுப் பன்றியை லெச்சோனாகச் சுடப் போகும்போது மட்டும் அவளுக்கு நேரம் போவதே தெரியாது. எலுமிச்சைப்புல்லைக் கட்டுக்கட்டாக வயிற்றில் திணித்துத் தைப்பது, கரியைத் தொடைக்கும் தோளுக்கும் அதிகமாகவும் நடுவயிற்றுக்குக் குறைவாகவும் தள்ளுவது, தோல் தேன் நிறத்துக்கு மாறும் அந்தக் கணம். பிறகு ஜுன்ரேயையே கட்டிக்கொண்டாள். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து அப்பாவின் பின்முற்றத்திலேயே குழி வெட்டினாள். நான்கு வருடமாகச் சுற்று வட்டாரத்தில் எந்தத் திருமணமும் அவளுடைய பன்றி இல்லாமல் நடந்ததில்லை.

பானியோ மட்டும் அந்தக் குழிப் பக்கம் வந்ததில்லை. ஒரு துண்டு தோலைக்கூட வாயில் வைத்ததில்லை. "பன்னி வளத்து, பன்னி வித்துப் படிக்க வெச்சேன். படிச்சு முடிச்சு வந்து பன்னி சுடறா" என்று சேவல் சண்டையில் யாரிடமோ சொன்னாராம். அவளைச் செல்லமாக 'இண்டாய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், குழி வெட்டிய நாளிலிருந்து வீட்டுக்குள்ளும் 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிடுகிறார். அவளுக்குக் குழியும் பிடித்திருந்தது, கணவனையும் பிடித்திருந்தது. அந்த ஒரு சொல் மட்டும் முள்ளாகக் குத்தியது.

ஜுன்ரே முதல் இரண்டு பன்றிகளைக் கொடுக்கப் போயிருந்தான். அம்மா தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

"பப்பா," என்றாள் நெரிசா. "நீங்க குடுத்த வாக்குக்கு நான் போறேன். அதுவரைக்கும் கழியைச் சுத்த ஒரு ஆள் வேணும்."

பானியோ சேவலைத் தடவினார். "எனக்கு முட்டி வலி."

"சுத்தறது கையாலதான்."

கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். பானியோ சேவலைக் கூடையில் போட்டு மூடி, எங்கேயோ வேறு வேலையாகப் போகிறவர்போல முற்றத்துக்கு வந்து கழியைப் பிடித்தார்.

மைதானத்தில் நாலைந்து பேர் மேடைமேல் நின்று காகிதப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். நெரிசா ஏறவில்லை. குனிந்து கீழே பார்த்தாள். மேடையின் கால்கள் வெறும் மணலில் நின்றன. ஒரு காலைத் தள்ளினாள், மேலே இருந்த ஒருத்தி "ஐயோ, மாதாவே!" என்று கத்தினாள்.

"மணலைத் தோண்டிக் கல்லு வெச்சுக் காலை எறக்குங்க. குறுக்குக் கட்டையும் அடிங்க. போட்டிக்கு வர்ற பொண்ணுங்க மட்டும் மேல ஏறட்டும். பேசறவங்க எல்லாரும் கீழ நின்னு பேசட்டும்."

"மேயருமா?"

"மேயர் எவ்வளவு எடைன்னு உங்களுக்கே தெரியும்."

கேப்டன் தலையைச் சொறிந்தார். "இன்ஜினியர் சொல்லிட்டாங்கன்னு மைக்கில சொல்லலாமா?"

"வேணாம். வருஷக்கணக்கா இந்த வேலையைத் தொடலை. கண்ணு இருக்கறதால சொன்னேன். நான் பொறுப்பு ஏத்துக்கறது பன்னிக்கு மட்டும்தான்."

அப்போதுதான் முதல் துளி அவள் மூக்கில் விழுந்தது. கடல் பக்கம் வானம் இருண்டு கிடந்தது. லெச்சோன் தோலில் மழை பட்டால் தீர்ந்தது. நொறுங்க வேண்டியது ஈரத்துணியாகிவிடும். திருவிழா வீட்டில் தோல் நொறுங்காவிட்டால் ஊர் அடுத்த திருவிழாவரை அதையே பேசும். அதுவும் அப்பா கழியைத் தொட்ட நாளில்! "கெட்டுப் போச்சு, பாத்தியா" என்று அவர் சொல்லப்போகும் முகம் கண்ணில் வந்து நின்றது. கேப்டன் வண்டியைக் கிளப்புமுன் அவள் ஓட ஆரம்பித்துவிட்டாள். தேவாலயத்தைத் தாண்டும்போது மழை கொட்டியது.

தெருமுனை திரும்பியதும் முதலில் அவள் கண்ணில் பட்டது வீட்டு முகப்பு. சுவர் வெறுமையாக இருந்தது. பேனர் தொங்கிய இடம் மட்டும் நீள்சதுரமாக, பழைய பச்சை வண்ணம் வெளுக்காமல் பளிச்சென்று தெரிந்தது. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

பின்முற்றத்துக்குப் பாய்ந்தாள்.

கூரையில்லாத கொட்டகையின் நான்கு கம்பங்களிலும் பேனரின் நான்கு முனைகளும் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. படம் அச்சடித்த பக்கம் கீழே. குழியின் புகைக்கு நடுவில் பானியோ நனைந்த பனியனோடு கழியைச் சுற்றிக்கொண்டிருந்தார், வேகமும் இல்லாமல் நிதானமும் தப்பாமல். பன்றியின்மேல் ஒரு துளி விழவில்லை.

நெரிசாவுக்கு மூச்சு வாங்கியது. "பப்பா... பேனர்..."

"என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கறே, இண்டாய்?" என்றார் அவர், தலையைத் திருப்பாமலே. "பால் எங்க வெச்சே? இடது விலா வெளுத்துக் கெடக்கு."

அவள் பால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்தாள். பேனரில் தண்ணீர் தேங்கி நடுவில் தொப்பைபோலத் தொங்கியது. பானியோ ஒரு கையில் கழியை விடாமல், மறு கையால் ஒரு குச்சியை எடுத்து அந்தத் தொப்பையை மெல்ல மேலே தள்ளினார். தண்ணீர் கரிப்பக்கம் வராமல் வேலி ஓரமாகச் சரிந்து கொட்டியது. தள்ளிய இடத்தில், புகையில் பழுப்பேறத் தொடங்கியிருந்த பற்களோடு, சதுரத் தொப்பிக்காரி பன்றியைப் பார்த்து நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.